பெர்லின் லிஹ்டன்பெர்க்ல இருக்குற என் பொண்ணுக்கு

அன்புள்ள கயலு,

கீழ்வீட்டு பாட்டி ஜனவரி ரெண்டாவது ஞாயிறு அந்தக் குளிர்லயும் செவப்பு கார்னேஷன் பூவோட கல்லறைக்குப் போறாங்களே, அது என்ன கட்சிப்பான்னு கேட்டல்ல. போன்ல பாதியில கட்டாயிடுது, அதான் எழுதுறேன்.

இன்னைக்கு அதுக்குப் பேரு டி லிங்க, இடதுசாரிக் கட்சி. கிழக்கு ஜெர்மனிய 40 வருஷம் ஆண்ட கட்சியோட மிச்சத்துலேர்ந்து வந்தது. 1989 நவம்பர்ல பெர்லின் சுவர் விழுந்துச்சு, டிசம்பர்ல பெர்லின்ல ஒரு ஸ்போர்ட்ஸ் ஹால்ல அவசர மாநாடு, கட்சியையே கலைச்சிடலாம்னு ஒரு பேச்சு, கடைசியில கலைக்காம கிரேகோர் கீஸிங்கற வக்கீல தலைவராக்கி பழசக் கூட்டித் தள்ளுன்னு கையில பெரிய தொடப்பம் ஒண்ணு குடுத்தாங்க. அதே மாநாட்டு மேடையில, ஸ்டாலினிசத்தோட உறவ அடியோட அறுத்துக்குறோம்னு சொன்னாங்க. அந்த வருஷம் எங்க சங்க ஆபீஸ்ல நாங்க அதப் பத்தி வாயே தொறக்கல கயலு. பேப்பர மடிச்சு வச்சிட்டு டீக்குப் போயிட்டோம். அது எனக்கு இன்னும் உறுத்துது.

1990ல பிடிஎஸ், அதாவது ஜனநாயக சோஷலிசக் கட்சின்னு பேர மாத்துனாங்க. கெழவங்க செத்தா கட்சியும் சேந்து போயிடும்னு மேற்குல சொன்னாங்க. ஆனா ஃபேக்டரி எல்லாம் மூடி ஊரே வேலையில்லாம நின்னப்ப, வாடகை பேப்பர், பென்ஷன் ஃபாரம்னு ஜனங்க கூட உக்காந்து பாத்துக் குடுத்தது இவங்க ஆளுங்கதான், அத ஜனங்க மறக்கல.

அங்க 5 சதவீதம் ஓட்டு வாங்கலன்னா பார்லிமென்ட்ல எடமில்ல, ஆனா 3 தொகுதி நேரா ஜெயிச்சா அந்த ரூல் கெடையாது. 1994ல 4.4 சதவீதம்தான், ஆனா கிழக்கு பெர்லின் 4 தொகுதிய குடுத்துச்சு, 30 பேர் உள்ள போனாங்க. 2002ல ரெண்டே ரெண்டு பேரு. அதுல ஒண்ணு உன் லிஹ்டன்பெர்க் தொகுதிம்மா! 2007ல மேற்குல சோஷியல் டெமாக்ரட்ஸ விட்டு வந்தவங்களோட சேந்துதான் இப்போ இருக்குற பேரு. 2023ல கட்சியில பெரிய தலைவரா இருந்த சாரா வாகன்க்னெக்ட் உடைச்சிட்டுப் போனப்ப முடிஞ்சுதுன்னே நெனச்சேன், 2025 பிப்ரவரியில 8.8 சதவீதம், வாடகை வாடகைன்னு வீடு வீடா கதவத் தட்டி வாங்குன ஓட்டு, அன்னைக்கு ராத்திரி நான் தூங்கவே இல்ல.

நான் வந்திருந்தப்ப நீ டூட்டியில இருந்த, பாட்டிதான் என்னையும் கூட்டிட்டுப் போனாங்க. நடுவுல பெரிய கல்லு, அதச் சுத்தி 1919 ஜனவரியில கொல்லப்பட்ட புரட்சிக்காரங்க ரோசா லக்சம்பர்க், லீப்க்னெக்ட் நினைவுக் கல்லுங்க, ஒரே பூக்குவியல். கொஞ்சம் தள்ளி 2006ல வச்ச சின்னக் கல்லு ஒண்ணு, ஸ்டாலினிசத்தால பலியானவங்களுக்குன்னு. நெறைய பேரு அத திரும்பிக்கூட பாக்காம போறாங்க. பாட்டி அங்கயும் குனிஞ்சு ஒரு பூ வச்சாங்க, குச்சிய ஊணி எந்திரிக்கவே ரொம்ப நேரமாச்சு, நான் கையப் புடிச்சு தூக்கிவிட்டேன். எனக்கு அவங்க பாஷ தெரியாது, அவங்களுக்கு என்னோடது தெரியாது.

வர்ற ஜனவரியில லீவு போட்டு அவங்க கூட நீ போ. என் பேர்ல ரெண்டு பூ வாங்கு, ஒண்ணு அந்தச் சின்னக் கல்லுக்கு. பாட்டிய ஐஸ்ல வழுக்காம பாத்துக்க, நீயும் க்ளவுஸ் போட்டுக்க.

அப்பா