திருச்சபைப் பள்ளிகளில் பரிணாமப் பாடம்: ஆயர்களுக்கும் தாளாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராயர்களுக்கும், ஆயர்களுக்கும், குருமார்களுக்கும், தமிழகத்துத் திருச்சபைப் பள்ளிகளின் தாளாளர்களுக்கும், கிறிஸ்துவின் நாமத்தில் என் வணக்கம்.

நான் 31 ஆண்டுகள் திருச்சபைப் பள்ளிகளில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். அதே காலத்தில் ஓய்வுநாள் பள்ளியிலும் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை வாசித்துக் காட்டிவிட்டு, திங்கட்கிழமை, சூழலுக்கு ஏற்ற உயிர்களே பிழைத்துப் பெருகுகின்றன என்னும் 'இயற்கைத் தேர்வை' விளக்கியவள் என்பதைத் தவிர, உங்களுக்கு எழுத எனக்கு வேறு தகுதி இல்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் நிர்வாகத்திடமிருந்து வாய்மொழியாக ஓர் அறிவுறுத்தல் வந்தது. பத்தாம் வகுப்பில் பரிணாமப் பாடத்தைத் தொடங்கும் முன், 'இது வெறும் கோட்பாடு, தேர்வுக்காகப் படித்தால் போதும், நாம் இதை நம்பவேண்டியதில்லை' என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும் என்றார்கள். நான் சொல்லவில்லை. ஆனால் வேறு யாரோ சொல்லியிருந்தார்கள். பாடம் முடிந்த அன்று மாலை ஒரு மாணவி தனியாக வந்து, "டீச்சர், பரீட்சையில் உண்மை என்று எழுதிவிட்டு ஆலயத்தில் பொய் என்று சொன்னால் அது பாவம் இல்லையா?" என்று கேட்டாள். நாம் பிள்ளைகளின் விசுவாசத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவர்களுக்கு இரட்டை நாக்கைப் பழக்கிக்கொண்டிருக்கிறோம் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2023-ஆம் ஆண்டில், சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்குப் பாடநூல் தயாரிக்கும் மத்திய அரசு நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி., தன் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'பாரம்பரியமும் பரிணாமமும்' என்றிருந்த பாடத்தை 'பாரம்பரியம்' என்று சுருக்கி, பரிணாமப் பகுதியை நீக்கியது. கொரோனா காலத்துக்குப் பின் மாணவர்களின் சுமையைக் குறைப்பதற்காக என்று காரணம் கூறப்பட்டது. 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அந்தப் பாடம் இன்னும் இருக்கிறது. ஆனால் பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டு வணிகவியலுக்கோ கணினிக்கோ போகும் பிள்ளை, உயிர்கள் ஒன்றுக்கொன்று உறவுடையவை என்பதைப் பள்ளியில் ஒரு நாளும் படிக்காமலேயே வெளியேறிவிடுவான். தமிழக அரசின் பாடநூலில் பரிணாமம் நீடிப்பது ஆறுதல். நம் திருச்சபைகள் நடத்தும் சி.பி.எஸ்.இ. பள்ளிகளின் பிள்ளைகளுக்கு அந்த ஆறுதல் இல்லை.

இதற்கு முன் 2018 ஜனவரியில், மத்தியக் கல்வித் துறையின் இணையமைச்சர் ஒருவர், குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததில்லை என்றும், டார்வினைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்க வேண்டும் என்றும் பேசினார். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் கூட்டாக மறுப்பு வெளியிட்டன. அவர் பேசியது கிறிஸ்தவ நம்பிக்கையின் பேரில் அல்ல. ஆயினும் அந்த வாதம் நம் மேடைகளிலும் ஒலிப்பதை நான் கேட்டிருக்கிறேன் என்பதால் எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கம் ஏன் என்றால், நம் முன்னோர் அப்படிப்பட்டவர்கள் அல்லர். தரங்கம்பாடியில் ஊழியம் செய்து 1813-இல் மறைந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற ஜெர்மானிய மிஷனெரி, பள்ளிகள் நடத்தியதோடு மீன்களையும் பாம்புகளையும் சேகரித்து ஐரோப்பிய இயற்கையியலாளர்களுக்கு அனுப்பினார். நம் வயல்களில் காணும் மண்ணுளிப் பாம்பின் அறிவியல் பெயரில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற மருத்துவ மிஷனெரி மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். நம் காலத்திலேயே, திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயேசு சபைக் குருவான கே. எம். மேத்யூ தமிழகத் தாவரங்களைப் பற்றிப் பல தொகுதிகள் எழுதியிருக்கிறார். கடவுளின் கைவேலையைக் கூர்ந்து பார்ப்பது இவர்களுக்கெல்லாம் ஊழியத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது.

இவ்வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பறவையின் கதை. பழனி மலையின் சோலைக்காடுகளில் சிரிப்பான் என்றொரு பறவை உண்டு. அதன் அறிவியல் பெயர், அங்கே அதைச் சேகரித்த சாமுவேல் ஃபேர்பேங்க் என்ற அமெரிக்க மிஷனெரியின் நினைவாக 1869-இல் இடப்பட்டது. நீலகிரியிலும் ஒரு சிரிப்பான் இருக்கிறது. குரலும் பழக்கவழக்கங்களும் நெருங்கியவை, ஆனால் நீலகிரிப் பறவைக்கு மார்பு செம்பழுப்பு, பழனிப் பறவைக்குச் சாம்பல் நிறம். இரண்டுக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. குளிர்ந்த உயர்மலைச் சோலைகளை விட்டு இறங்காத இந்தப் பறவைகளுக்கு அந்த வெப்பமான தாழ்நிலம் கடலைப் போன்றது. ஒரே மூதாதையின் சந்ததிகள் இருபுறமும் பிரிந்து, ஒன்றோடொன்று கலக்காமல் நீண்ட காலம் வாழ்ந்து, தனித்தனி இனங்களாயின என்பதை 2017-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டுகிறது. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்திய மலைப் பக்கம் உள்ள சிரிப்பானும் இவ்வாறே வேறுபட்டிருக்கிறது. சோலைக்காட்டுச் சின்னஞ்சிறு நீலப் பறவைகளிலும் இதே பிரிவினையைக் காணலாம். பரிணாமத்தை யாரும் பார்த்ததில்லை என்பவர்களைக் கொடைக்கானலுக்கும் உதகைக்கும் ஒருமுறை போய்வரச் சொல்லலாம். சான்று ஒரு மிஷனெரியின் பெயரைத் தாங்கிக்கொண்டு மரத்திலிருந்து கூவுகிறது.

இனி வேதத்துக்கு வருகிறேன். உங்கள் தயக்கம் அங்கேதான் என்பதை அறிவேன்.

ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் 'பூமியானது முளைப்பிக்கக்கடவது', 'பூமியானது பிறப்பிக்கக்கடவது' என்று தேவன் கட்டளையிடுகிறார். கட்டளை அவருடையது, முளைப்பிப்பதும் பிறப்பிப்பதும் பூமியின் வேலையாக அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. சூரியன் நான்காம் நாளில்தான் தோன்றுகிறது என்றால் முதல் மூன்று நாள்களுக்கு மாலையும் காலையும் எப்படி வந்தன என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்ற ஆதித் திருச்சபை அறிஞர் கேட்டார். டார்வின் பிறப்பதற்கு ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன், பரிசுத்த அகஸ்டின் ஆதியாகமத்துக்கு எழுதிய விளக்கத்தில், வானத்தையும் பூமியையும் உயிரினங்களையும் பற்றி அவிசுவாசிகளுக்கே நன்றாகத் தெரிந்த செய்திகளில் ஒரு கிறிஸ்தவன் வேதத்தின் பேரால் அபத்தம் பேசினால், உயிர்த்தெழுதலைப் பற்றி அதே வேதம் சொல்வதை அவர்கள் எப்படி நம்புவார்கள் என்ற பொருள்பட எச்சரித்திருக்கிறார். அந்த எச்சரிக்கையை நம் காலத்துக்கு என்றே எழுதினாரோ என்று நான் எண்ணுவதுண்டு.

'பூச்சக்கரம் அசையாதபடி நிலைபெற்றிருக்கிறது' என்று 93-ஆம் சங்கீதம் பாடுகிறது. அதைப் பாடிக்கொண்டே, பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று நம் பள்ளிகளில் கற்பிக்கிறோம். 1633-இல் கலிலேயோவைத் தண்டித்தது தவறென்று 1992-இல் போப் இரண்டாம் ஜான் பால் ஒப்புக்கொண்டார். 139-ஆம் சங்கீதத்தில் தாவீது, தாயின் கர்ப்பத்தில் தன்னைக் காத்தவர் தேவனே என்றும், தான் 'பிரமிக்கத்தக்க அதிசயமாய்' உண்டாக்கப்பட்டதாகவும் பாடுகிறான். அதற்காகக் கரு வளர்ச்சிப் பாடத்தை நீக்குங்கள் என்று எந்தப் போதகரும் என்னிடம் கேட்டதில்லை. ஒரே உயிரணு பிளந்து பெருகி ஒன்பது மாதத்தில் குழந்தையாவதைத் தேவனுடைய செயல் என்று நம்மால் நம்ப முடிகிறது. அவர் கோடிக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொண்டார் என்று சொல்லும்போது மட்டும் நமக்கு ஏன் கலக்கம் வருகிறது?

கத்தோலிக்கத் திருச்சபை 1950-லேயே மனித உடலின் பரிணாமத் தோற்றத்தை ஆராயத் தடையில்லை என்றது. ஆன்மாவைக் கடவுள் நேரடியாகப் படைக்கிறார் என்பதை மட்டும் வலியுறுத்தியது. 1996-இல் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்றார். பரிணாமத்தை மனித அறிவின் அடிப்படைப் பகுதியாகக் கற்பிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் கையெழுத்திட்ட கிறிஸ்தவக் குருமார்கள் 15,000-க்கும் மேல். மரபியலைத் தொடங்கிவைத்த மெண்டல் ஒரு துறவி. மனித மரபணுத்தொகுதித் திட்டத்தை வழிநடத்திய பிரான்சிஸ் காலின்ஸ் வெளிப்படையான விசுவாசி.

ஒரு கேள்வி மட்டும் கடினமானது. அதை மழுப்ப மாட்டேன். ஒரே மனிதனாலே பாவமும் பாவத்தினாலே மரணமும் உலகத்தில் பிரவேசித்தது என்று பவுல் எழுதிய ரோமர் நிருபம் சொல்லும்போது, மனிதனுக்கு முன்பே கோடானுகோடி உயிர்கள் மாண்டன என்பதை எப்படி ஏற்பது? அங்கே பவுல் பேசுவது தேவனைவிட்டுப் பிரிந்த மனிதனின் மரணத்தைப் பற்றி என்று பல இறையியலாளர்கள் விளக்குகிறார்கள். பாலசிங்கங்கள் இரைக்காகக் கெர்ச்சித்துத் தேவனிடத்தில் ஆகாரம் தேடுவதாக 104-ஆம் சங்கீதம் துதியாகவே பாடுவது எனக்குத் துணை நிற்கிறது. ஆனாலும் உயிர்களின் நீண்ட வேதனையை நினைக்கும்போது என்னிடம் முழு விடை இல்லை. விடை இல்லாத இடத்தில் சான்றுகளை மறைக்க எனக்கு அனுமதி கிடைத்துவிடாது.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டோவர் என்ற ஊரின் பள்ளி வாரியம், பரிணாமப் பாடத்துக்கு முன் 'இது ஒரு கோட்பாடு, உறுதியான உண்மையல்ல' என்ற அறிக்கையை வாசிக்கச் சொன்னது. ஆசிரியர்கள் மறுத்தனர், நிர்வாகத்தினரே வகுப்புக்கு வந்து வாசித்தனர். அதை எதிர்த்து வழக்குத் தொடுத்த பெற்றோர்களில் ஆலயத்துக்குச் செல்லும் கிறிஸ்தவர்கள் இருந்தனர். அவர்கள் தரப்பில் சாட்சி சொன்ன கென்னத் மில்லர் ஒரு கத்தோலிக்க உயிரியலாளர். 2005 டிசம்பரில் அந்த அறிக்கை செல்லாது என்று தீர்ப்பளித்த நீதிபதி ஒரு லுத்தரன். எனக்குச் சொல்லப்பட்ட வாசகமும் டோவரில் வாசிக்கப்பட்டதும் அநேகமாக ஒன்றே. இந்தச் சண்டை தரங்கம்பாடியில் பிறந்ததல்ல. அமெரிக்காவில் மூண்டு, அங்கேயே நீதிமன்றத்தில் தோற்று, மொழிபெயர்ப்புப் பிரசங்கங்கள் வழியாக நம்மிடம் வந்தது. கோட்பாடு என்ற சொல்லைச் சொல்லி இதைச் சிறுமைப்படுத்துகிறவர்கள், நோய்கள் கிருமிகளால் வருகின்றன என்பதும் ஒரு கோட்பாடுதான் என்பதை நினைக்க வேண்டும்.

மருத்துவராக வேண்டும் என்று ஜெபிக்கும் பிள்ளைகள் நம் பள்ளிகளில் ஏராளம். இரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் வடிவில் வளைக்கும் அரிவாள் செல் மரபணு இந்தியாவில் முதன்முதலில் 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் கண்டறியப்பட்டது. அது பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால் கொடிய சோகை நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு. இத்தனை கேடு விளைவிக்கும் மரபணு ஏன் அழியாமல் நிலைத்தது என்பதை இயற்கைத் தேர்வு இல்லாமல் ஓர் ஆசிரியரால் விளக்க முடியாது.

ஆகவே உங்களிடம் வேண்டுவது இது. நம் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில், தேர்வில் கேள்வி வராவிட்டாலும், பத்தாம் வகுப்புக்குப் பரிணாமத்தை ஐந்தாறு பாடவேளைகளில் முழுமையாக நடத்த அனுமதியுங்கள். முன்னுரையாக எந்த மறுப்பும் வேண்டாம். பிள்ளைகளைப் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூருக்கு அழைத்துச் செல்லுங்கள். 18 மீட்டர் நீளமுள்ள, ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்மரம் அங்கே கிடக்கிறது. அதன் மேல் கை வைத்துப் பார்க்கும் பிள்ளைக்குக் காலம் என்றால் என்ன என்பது புரியும். போதகர்களுக்கான பயிற்சி முகாம்களில் ஒரு நாளையாவது உயிரியல் ஆசிரியர்களுக்குக் கொடுங்கள். எந்தப் பள்ளி அழைத்தாலும், எந்தச் சபை அழைத்தாலும், வேதாகமத்தையும் பாடநூலையும் எடுத்துக்கொண்டு என் சொந்தச் செலவில் வரக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை ஒருத்தி