மலை ஏறும் காருக்கு ஹை-ஸ்டால் கன்வெர்ட்டர் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆட்டோமேட்டிக் காரின் பாய்ச்சலைக் கூட்ட ஹை-ஸ்டால் டார்க் கன்வெர்ட்டர் போடலாம் என்று தங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். எஞ்சினின் முறுக்கு விசையை (டார்க்) ஆயில் வழியாகக் கியர் பெட்டிக்குக் கடத்துவது கன்வெர்ட்டர். எஞ்சின் கூடுதல் வேகத்தில் சுற்றிய பிறகே இறுகப் பிடிப்பது ஹை-ஸ்டால் வகை. நேர்கோட்டில் கால் மைல் ஓடுகிற பந்தயக் காருக்கு அது சரி. மேட்டுப்பாளையத்தில் ஏறத் தொடங்கி பர்லியார், குன்னூர் வழியாக ஊட்டி வரும் காருக்குச் சரிப்படாது. கோவையில் காரை விட்டு மாற்றிக்கொண்டு மலையேற நினைப்பவர்கள், பணத்தை எடுத்து வைப்பதற்கு முன் சிலவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில், காரில் கன்வெர்ட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். கிளட்ச் பெடல் இல்லாததெல்லாம் ஒன்றல்ல. டிஎஸ்ஜி, டிசிடி என்பவற்றில் பொதுவாக இரட்டைக் கிளட்ச்தான். ஏஎம்டியில் இருப்பது சாதாரண கிளட்ச். ஸ்கோடா ஸ்லாவியாவிலேயே 1.0 லிட்டர் ஆட்டோமேட்டிக்கில் கன்வெர்ட்டர், 1.5 லிட்டரில் டிஎஸ்ஜி. பிஎம்டபிள்யூ எம்340ஐ காரின் 8 கியர் பெட்டியில் (ஸெட்எஃப் கம்பெனி தயாரிப்பு) கன்வெர்ட்டர் உண்டு.

ஸ்டால் ஆர்பிஎம் (நிமிடச் சுற்று) என்பது, சக்கரம் அசையாமல் பிடித்திருக்க, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் எஞ்சின் எட்டக்கூடிய உச்ச வேகம். கேட்லாக்கில் 2,800 என்று போட்டிருப்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. எஞ்சின் தரும் டார்க்கின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் அந்த எண் ஏறி இறங்கும். 250 நியூட்டன் மீட்டர் எஞ்சினில் 2,200 காட்டும் கன்வெர்ட்டர், 400 நியூட்டன் மீட்டர் எஞ்சினில் ஏறக்குறைய 2,800 காட்டும். உயரமும் இதில் கை வைக்கும். ஊட்டி இருக்கும் 2,240 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சினின் டார்க்கும் அதே அளவு விழும். 2,800 ஸ்டால் 2,500 ஆகிவிடும். டர்போ எஞ்சின் தப்பித்துக்கொள்ளும், ஆனால் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறிய பிறகுதான். கொண்டை ஊசி வளைவில் வண்டி கிட்டத்தட்ட நின்று மறுபடி கிளம்பும்போது அந்த பூஸ்ட் இருக்காது.

இந்த ஓர் இடத்தில் கட்டுரையாளர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வளைவைத் தாண்டியதும் டர்போ கார் திணறுவது உண்மைதான். அதற்கு, கம்பெனி ஸ்டாலுக்கு மேல் 200, 300 ஆர்பிஎம் கூடினால் போதும். 1,000 கூட்டுவது வேறு விவகாரம்.

ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 1,700 கிலோ கார், 100 மீட்டருக்கு 8 மீட்டர் ஏறும் சாலையில், முன்னால் ஒரு லாரியை வைத்துக்கொண்டு மணிக்கு 20 கிலோமீட்டரில் ஊர்கிறது என்று வையுங்கள். சக்கரத்துக்குத் தேவை ஏறக்குறைய 9 கிலோவாட்தான். எஞ்சினையும் கியர் பெட்டியையும் நேராகப் பூட்டுகிற லாக்-அப் கிளட்ச், இந்த வேகத்தில் பல கார்களில் பிடிக்காது. எஞ்சின் சுழற்றும் இம்பெல்லருக்கும் கியர் பெட்டியைச் சுழற்றும் டர்பைனுக்கும் நடுவே ஆயில்தான் வேலை பார்க்கிறது. கம்பெனி கன்வெர்ட்டர் நான்கில் மூன்று பங்கைக் கடத்தினால் ஆயிலில் 3 கிலோவாட் சூடு இறங்கும். ஹை-ஸ்டால் பாதியைத்தான் கடத்தும் என்றால் 9 கிலோவாட். ஒரு வீட்டு கீசர் இருந்த இடத்தில் மூன்று கீசரை ஓட விட்ட மாதிரி. 20 கிலோமீட்டர் வேகத்தில் ஆயில் கூலருக்குக் காற்றும் சரியாகக் கிடைக்காது. சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில் 1,900 மீட்டர் ஏறுகிற பாதையில், சீசன் நெரிசலில், இது மணிக்கணக்கில் நீளும்.

ஆட்டோமேட்டிக் ஆயில் 80 முதல் 95 டிகிரியில் இருப்பது நல்லது. ஏற்றத்தில் 110 வரை போகலாம். 120 தாண்டினால் வண்டியை ஓரங்கட்டுங்கள். ஆனால் எஞ்சினை அணைக்காதீர்கள். அணைத்தால் பம்ப் நின்று கூலருக்கு ஆயில் போகாது. பார்க்கில் போட்டு 1,000, 1,200 ஆர்பிஎம்மில் ஓட விடுங்கள். நல்ல அளவைத் தாண்டி ஏறும் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. ஆயிலில் கருகிய வாடை வந்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் ஏற்கெனவே தீய்ந்திருக்கும்.

ஏற்றத்தைவிட எங்களுக்குக் கவலை இறக்கம்தான். லாக்-அப் பிடிக்காதபோது சக்கரத்திலிருந்து எஞ்சினுக்குத் திரும்பிப் போகும் பிடி, அதாவது எஞ்சின் பிரேக், தளர்ந்துவிடும். ஹை-ஸ்டாலில் இன்னும் மோசம். இரண்டாம் கியரில் போட்டாலும் பிடி குறைந்து ஓடும். சுமை பிரேக் மேல் கூடுதலாக விழும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும், 36 கொண்டை ஊசி வளைவு கொண்ட கல்லட்டிப் பாதையில் அப்படி இறங்கினால் என்ன ஆகும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: பல கார்களில் ஆயில் சூடேறும் வரை கம்ப்யூட்டர் லாக்-அப்பைப் பிடிக்க விடாது. உறைபனிக் காலையில் ஊட்டியில் ஸ்டார்ட் செய்ததும் நேராக இறங்குகிறவருக்கு எஞ்சின் பிரேக் குறைவாகத்தான் கிடைக்கும். ஆகவே பெரிய கூலர் போடுவோர், ஆயில் 80 டிகிரியை ஒட்டி வந்த பிறகே கூலருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வைத்ததையே போடுங்கள்.

வேலையின் வரிசை இப்படி இருக்கட்டும்: ஆயில் வெப்பநிலை காட்டும் மீட்டர், கூலர், புது ஆயில், கடைசியில்தான் கன்வெர்ட்டர். பெரும்பாலானவர்களுக்கு மூன்றாவதோடு குறை தீர்ந்துவிடும். 'லைஃப்டைம்' ஆயில் என்று சொல்லி விற்றாலும், தன் பெட்டிக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது ஸெட்எஃப். மலையில் ஓடும் காருக்கு 50,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 கியர் பெட்டிக்கு லைஃப்கார்ட் 8 என்றால் அதுவேதான். வேறு ஆயில் ஊற்றினால் லாக்-அப் பிடிக்கும்போது கார் நடுங்கலாம்.

அந்த நடுக்கத்தை எஞ்சின் மிஸ்ஸிங் என்று நினைத்து பிளக், காயில் எல்லாம் மாற்றிவிட்டு வருகிறவர்கள் உண்டு. சமதளத்தில், லேசான ஆக்சிலரேட்டரில் நடுக்கம் வரும்போது பிரேக் பெடலை இலேசாகத் தொடுங்கள். லாக்-அப் விடுபட்டு நடுக்கம் நின்றால் குறை கன்வெர்ட்டர் பக்கம். ஸ்கேனரில் பி0741 கோட் வந்தால் அதுவும் லாக்-அப் பிடிக்காத குறைதான். ஆனால் சொலனாய்டையும் (லாக்-அப்புக்கு ஆயிலைத் திறந்துவிடும் மின் வால்வு) ஆயிலையும் பார்க்காமல் கன்வெர்ட்டரை இறக்காதீர்கள்.

மாற்றியே தீர வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டியவை: கம்பெனி அளவை ஒட்டிய ஸ்டால், பல தட்டு லாக்-அப் கிளட்ச், பிரேசிங் செய்த (உலோகம் உருக்கி ஒட்டிய) இம்பெல்லர் இதழ்கள், புது ஸ்டேட்டர் ஒன்-வே கிளட்ச் (உள்ளே ஆயிலைத் திருப்பிவிடும் ஸ்டேட்டரை ஒரு பக்கம் மட்டும் சுற்ற விடுவது). ஒரே உலோகக் கட்டியில் கடைந்த பில்லெட் முன்மூடி பந்தயக்காரர்களுக்கு, நமக்குத் தேவையில்லை.

மாட்டும்போதுதான் அதிகம் கெடுகிறது. கன்வெர்ட்டருக்குள் ஒரு லிட்டர் போல ஆயில் ஊற்றிக்கொண்டு, சுற்றிச் சுற்றி உள்ளே தள்ள வேண்டும். இன்புட் ஷாஃப்ட், ஸ்டேட்டர் ஷாஃப்ட், பம்ப் என மூன்று இடத்தில் 'டக்' என்று உட்காரும். இரண்டோடு நின்றுவிட்டு பெல் ஹவுசிங் (கன்வெர்ட்டரை மூடும் கூடு) போல்ட்டை முறுக்கி இழுத்தால், ஸ்டார்ட் செய்த உடனே பம்ப் உடையும். ஹவுசிங் கையாலேயே சேர வேண்டும். சேர்ந்த பிறகு கன்வெர்ட்டருக்கும் எஞ்சின் பக்கத் தட்டான ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவில் இடைவெளி இருக்க வேண்டும். பல பெட்டிகளில் அது 3 முதல் 5 மில்லிமீட்டர். உங்கள் பெட்டியின் மேனுவலைப் பாருங்கள். ஃப்ளெக்ஸ் பிளேட் போல்ட்டும் கம்பெனி போல்ட்டின் நீளத்திலேயே இருக்கட்டும். நீண்டால் முன்மூடியில் குழி விழும், லாக்-அப் பிடிக்காது. பழைய கன்வெர்ட்டர் தேய்ந்திருந்தால் அதன் தூள் கூலருக்குள் கிடக்கும். கூலரைக் கழுவாமல், அல்லது மாற்றாமல் விட்டால் அதே தூள் புது கன்வெர்ட்டருக்குள் போகும். பிறகு கம்ப்யூட்டரில் அடாப்டேஷனை (பழைய பெட்டிக்கேற்பக் கற்று வைத்திருப்பதை) அழித்துப் புதிதாகக் கற்க விடுங்கள். ஸெட்எஃப் 8 கியர் பெட்டியில் ஆயில் அளவை எஞ்சின் ஓட, ஆயில் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் பார்க்க வேண்டும்.

ஸ்டால் டெஸ்ட் என்று 5 நொடிக்கு மேல் மிதித்துப் பிடிக்காதீர்கள். 300 நியூட்டன் மீட்டர் எஞ்சின் 2,500 ஆர்பிஎம்மில் நிற்கும்போது 78 கிலோவாட் முழுதும் ஆயிலைச் சுடுகிறது. 8 லிட்டர் ஆயிலும் சேர்ந்து சூடானால்கூட நொடிக்கு 5 டிகிரிக்கு மேல் ஏறும். எண் குறைவாக வந்தால் எஞ்சின் சோர்ந்திருக்கிறது அல்லது ஸ்டேட்டர் கிளட்ச் வழுக்குகிறது. கூடுதலாக வந்தால் பெட்டிக்குள் கிளட்ச் வழுக்குகிறது. புது கன்வெர்ட்டர் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது.

அந்தக் கட்டுரைக்கு அடுத்த பகுதி வருமானால், ஸ்டால் எண்ணோடு ஆயில் வெப்பநிலை, லாக்-அப், இறக்கத்தில் எஞ்சின் பிரேக் ஆகிய மூன்றையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மெக்கானிக்குகள் சிலர்,
குன்னூர், நீலகிரி.