பெயர் கேட்காமல் விட்டுவிட்ட ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டருக்கு நன்றி

ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி டாக்டராக, சர்ஜரி போஸ்டிங்கில் இருந்த நாட்கள். நான் இடது கைக்காரி. தையல் ஊசியைப் பிடிக்கிற, கத்தரி மாதிரி இருக்கும் நீடில் ஹோல்டரின் பூட்டு, வலது கைக் கட்டைவிரல் வெளியே தள்ளினால் திறக்கிற மாதிரி செய்தது. இடது கையில் பிடித்துத் தள்ளினால் திறக்காது, அழுத்த அழுத்த இறுகும். ஒரு நைட் டியூட்டியில் ஊசி தோலில் பாதி நுழைந்தபடி மாட்டிக்கொள்ள, நான் முழிக்க, பக்கத்தில் இருந்த சீனியர் "உனக்கு ஸ்கின், ரேடியாலஜி மாதிரி ஏதாவது பார்த்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டார்.

கேஸ் முடிந்து எல்லாரும் டீ குடிக்கப் போனதும் நீங்கள்தான் கூப்பிட்டீர்கள். "கட்டைவிரலை உள்ளே இழுங்க டாக்டர், மோதிர விரலை வெளியே தள்ளுங்க, அவ்வளவுதான்." க்ளிக். திறந்துவிட்டது! அப்புறம் மிஞ்சிய சில்க் நூல் துண்டுகளைக் கையில் திணித்து, ட்ராலிக் கம்பியில் முடிச்சுப் போட வைத்தீர்கள். ஹாஸ்டல் நாற்காலிக் காலில் நான் போட்ட முடிச்சுகளையும், தையல் போட்ட வாழைப்பழத் தோல்களையும் பார்த்து ரூம்மேட் சிரிக்காத நாளில்லை.

சரி, இப்போது எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி, 3 வருடப் படிப்பில் கடைசி வருடம். தூக்கம் போய்விட்டது, முதுகுவலி வந்துவிட்டது, ஆனாலும் வேறு எதையும் எடுத்திருக்க மாட்டேன்.

மாஸ்க்குக்கு மேல் தெரிந்த கண்ணாடி மட்டும்தான் ஞாபகம், ஒரு பக்கக் காம்பில் பிளாஸ்டர் ஒட்டியிருக்கும். போன மாதம் ஒரு இடது கைத் தம்பி ஹவுஸ் சர்ஜனாக வந்தான். உங்கள் வார்த்தையை அப்படியே சொன்னேன் சிஸ்டர். ரொம்ப நன்றி.