இறகு பிடுங்கின கதை

அன்புள்ள ஆந்தைக்கு,

பதினான்கு மாதமாகப் பதில் போடாதவன் எழுதுகிறேன். திட்டுவதென்றால் இங்கேயே நிறுத்தித் திட்டிக்கொள், காத்திருக்கிறேன். முடிந்ததா? சரி.

இங்கே எல்லோரும் நலம். மகள் என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். முதுகுவலிக்கு நாற்காலியை மூன்று முறை மாற்றியாயிற்று, வலி மட்டும் மாறவில்லை. மஞ்சள் குடை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கேட்காதே.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. போன வெள்ளிக்கிழமை ஒரு வெலாசிராப்டரின் இறகை எல்லாம் என் கையாலேயே பிடுங்கிப் போட்டேன். இதை வேறு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய், ஆனால் சிரித்து முடித்ததும் கோபப்படுவாய். எனக்கு அந்தக் கோபம் வேண்டும்.

இப்போது இருக்கிற இடத்தில் ஒரு டைனோசர் விளையாட்டு செய்துகொண்டிருக்கிறோம். காட்டில் மாட்டிக்கொண்டவன் உயிரோடு வெளியே வர வேண்டும், அவ்வளவுதான் கதை. அதில் ராப்டரின் மாடல் என் பொறுப்பு. ஏழு வாரம் அதிலேயே கிடந்தேன். நீ மொட்டை மாடியில் நின்று கத்தியதெல்லாம் நினைவில் இருந்தது. அதனால் ஆள் உயரப் பூதமாகச் செய்யாமல், நிஜ அளவில் செய்தேன். மூக்கிலிருந்து வால் நுனிவரை 2 மீட்டர், அதில் பெரும்பகுதி வால். எடை ஒரு வான்கோழியை விடக் கொஞ்சம் கூட. உள்ளங்கைகள் தரையைப் பார்க்காமல் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்தேன், கைதட்டப் போகிறவன் மாதிரி. மணிக்கட்டைத் திருப்பிக் கவிழ்க்க அதனால் முடியாது என்று நீ சொன்னது சரிதான். அனிமேஷன் செய்கிற பையனிடம் இதைப் புரியவைக்கவே இரண்டு நாள் ஆயிற்று. அவன் பார்த்த டைனோசர் எல்லாமே முயல் மாதிரிக் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓடியவை.

அப்புறம் இறகு. 2007-இல், மங்கோலியாவில் கிடைத்த வெலாசிராப்டர் எலும்பைப் பற்றிய அந்தக் கட்டுரையை நகலெடுத்து என் தலையணைக்கு அடியில் வைத்தாயே, அது இன்னும் என் மேசையில் இருக்கிறது. முன்கை எலும்பில் வரிசையாக ஆறு சின்னப் புடைப்புகள். இன்றைய பறவைகளின் இறக்கை எலும்பில், பெரிய இறகுகள் வேர் பிடிக்கிற இடத்தில் இருக்கும் அதே புடைப்பு. இறகு மட்கிப் போய்விட்டது, அது நட்டிருந்த இடம் மட்டும் எலும்பில் மிச்சம். அந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கை இறகுகளை ஒவ்வொன்றாக அடுக்கினேன். வெலாசிராப்டரின் நிறம் தெரியாததால் அதன் சொந்தக்காரன் மைக்ரோராப்டரிடம் கடன் வாங்கினேன். கறுப்பு, வெயில் பட்டால் காக்கைக் கழுத்து மாதிரி ஒரு மினுமினுப்பு. புதைபடிவத்தில் இருந்த நிறமித் துகள்களின் வடிவத்தை வைத்து 2012-இல் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். முடித்துவிட்டு இரவு இரண்டு மணிக்குத் திரையில் அதைச் சுற்றவிட்டுப் பார்த்தேன். உனக்கு அப்போதே அனுப்பியிருக்க வேண்டும்.

ஆட்டத்தைச் சோதித்துப் பார்க்கச் சிலரைக் கூப்பிட்டார்கள். ராப்டர் புதருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்ததும் முதல் ஆள் சொன்ன வார்த்தை: "கோழி." அடுத்தவரும் கோழி. மூன்றாமவர் கொஞ்சம் படித்தவர் போலிருக்கிறது, "பெரிய கோழி" என்றார்.

கூட்டம் போட்டார்கள். நான் நிறையப் பேசினேன். 1993-இல் ஜுராசிக் பார்க் வந்தபோது பறவையல்லாத எந்த டைனோசரிலும் இறகின் தடயம் கிடைத்திருக்கவில்லை, அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஆனால் 1996-லேயே சீனாவின் லியாவோனிங்கில் சைனோசாரோப்டெரிக்ஸ் என்கிற சின்ன டைனோசர் உடம்பெல்லாம் பஞ்சு இழையோடு கிடைத்துவிட்டதே, நமக்கு என்ன சாக்கு என்றேன். ஜுராசிக் வேர்ல்ட் எவல்யூஷன் 2-க்கு 2023-இல் இறகுள்ள பழங்கால விலங்குகளை மட்டும் ஒரு தொகுப்பாகவே விற்றார்களே என்றேன். "அது பூங்கா கட்டுகிற விளையாட்டு, அங்கே அழகாக இருந்தால் போதும். நம்முடையதில் பயப்பட வேண்டும்" என்றார்கள். காசோவரிப் பறவையைக் கூண்டுக்கு வெளியே நேருக்கு நேர் பார்த்தவன் இப்படிப் பேசமாட்டான். அதற்கும் உடம்பெல்லாம் இறகுதான், காலில் கத்தி மாதிரி நகம், ஆளையே கொன்றிருக்கிறது.

உன்னிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், கோழி என்பது பாதிக் காரணம்தான். மீதி, இறகு கணினிக்குப் பெரிய பாரம். செதில் என்றால் வழவழப்பான உடம்பின் மேல் ஒரு படத்தைப் போர்த்தி, வெளிச்சத்தை வைத்து மேடு பள்ளம் இருப்பதுபோல ஏமாற்றிவிடலாம். இறகை அப்படி ஏமாற்ற முடியாது. ஒவ்வொரு கொத்தும் ஓரம் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிகிற ஒரு தட்டை அட்டை. ஒன்றன்மேல் ஒன்றாக இருபது அட்டை விழுகிற இடத்தில், கிராஃபிக்ஸ் கார்டு அதே புள்ளியை இருபது முறை வரைய வேண்டும். ஒரு ராப்டர் என்றால் ஓடும். ஆறு ராப்டர் சேர்ந்து துரத்தினால் திரை திக்கித் திக்கி நகரும். கையை மடக்கினால் இறகு விலா எலும்புக்குள் புகுந்துவிடும். இதையெல்லாம் சரிசெய்ய எனக்கு இன்னும் இரண்டு மாதம் வேண்டியிருந்தது. தரவில்லை.

ஆகவே பிடுங்கினேன். ஒரு பொத்தானை அழுத்தினால் போய்விடும் என்று நினைக்காதே. அடுக்கடுக்காக எடுத்து, அடியில் தோல் வரைந்து, செதில் போட்டு மூன்று நாள் வேலை. கடைசியில் நின்றதைப் பார்த்தால் இப்போதுதான் அது உரித்த கோழி! இறகில்லாத ஆந்தையைப் பார்த்து யாராவது பயப்படுவார்களா? (உன்னைச் சொல்லவில்லை.) அவர்களுக்கோ திருப்தி. "இதுதான் டைனோசர்" என்றார் ஒருவர். அவருக்கு எப்படித் தெரியும்? சின்ன வயதில் ஏதோ ஒரு விளையாட்டில் பார்த்திருப்பார். அதைச் செய்தவன் அதற்கு முந்தைய விளையாட்டில் பார்த்திருப்பான். எலும்பைப் பார்த்தவன் அந்த வரிசையில் எங்கேயும் இல்லை. இப்போது அந்த வரிசையில் நானும் ஒருவன்.

நீ ரொம்பவும் துள்ளாதே. டி.ரெக்ஸ் விஷயத்தில் நீ தோற்றாய். யூடிரானஸ் கிடைத்த 2012-இல், 9 மீட்டர் நீளமும் 1,400 கிலோ எடையும் உள்ள சொந்தக்காரனுக்கே அடர்ந்த இழை என்றால் ரெக்ஸுக்கும் நிச்சயம் என்று குதித்தாய். 2017-இல் ரெக்ஸின் தோல் தடங்களைப் பற்றிய ஆய்வு வந்துவிட்டது. கழுத்து, இடுப்பு, வால், எங்கே பார்த்தாலும் பொடிப்பொடியாய்ச் செதில். அவ்வளவு பெரிய உடம்புக்குப் போர்வை இருந்தால் வெந்துவிடும், யானைக்கு ரோமம் குறைந்ததுபோல என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். முதுகில் கொஞ்சம் இருந்திருக்கலாம் என்று நீ இழுப்பாய். கிடைத்தவை சின்னச் சின்னத் துண்டுகள்தான், அதனால் இழுத்துக்கொள். ஆனால் எங்கள் விளையாட்டில் ரெக்ஸ் செதிலோடுதான் வருகிறது, அதற்கு ஒரு வார்த்தையும் சொல்லக்கூடாது.

வெள்ளிக்கிழமை பிடுங்கிக்கொண்டிருந்தபோது அம்மா ஞாபகம் வந்தது. உன் வீட்டுத் தரையில் உட்கார்ந்து நான் வரைந்த ராப்டரைப் பார்த்து, "பாவம்டா, சட்டையில்லாம நிக்குதே" என்றார்கள். நம் இரண்டு பேருக்கும் இதில் எதுவும் தெரியாத வயது அது. நீ உடனே பென்சிலை எடுத்து அதற்கு ஒரு கோட்டு வரைந்தாய், பொத்தானோடு.

அம்மா போன செய்திக்கு நான் அனுப்பியது ஒரே ஒரு வரி. அதற்கு முன் நீளமாக நாலைந்து எழுதி அழித்தேன். எல்லாமே யாரோ யாருக்கோ எழுதியது மாதிரி இருந்தது. நாள் போகப் போக, இத்தனை நாள் கழித்து என்ன எழுதுவது என்ற கூச்சம் வந்துவிட்டது. நீ அதைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்டா.

இறகு உள்ள மாடலை அழிக்கவில்லை. தனியே வைத்திருக்கிறேன், படம் இத்துடன் வருகிறது. ஆட்டத்தில் போகிற மாடலிலும் ஒரு வேலை செய்திருக்கிறேன். மூன்றாம் கட்டத்தில் ஓடைப் பக்கம் ஒரு ராப்டர் எலும்புக்கூடு கிடக்கும். முன்கை எலும்பைக் கிட்டப் போய்ப் பார். புடைப்பு ஆறும் இருக்கிறது, இடைவெளிகூட அந்தப் படத்தில் உள்ளபடிதான். இதுவரை யாரும் கவனிக்கவில்லை, நீயும் வெளியே சொல்லாதே.

உன் மூட்டுவலி, புது வீடு, அந்த நாய் எல்லாவற்றையும் பற்றி எழுது. ஆட்டம் வெளிவந்ததும் உனக்கு ஒன்று அனுப்புகிறேன். மூன்றாம் கட்டம்வரை நீ உயிரோடு போய்ச் சேருவாயா என்பதுதான் சந்தேகம்.

உன்
பல்லி