ஐன்ஸ்டைன் கட்டுரைக்கும் திருத்தம் வந்தது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஆய்வுக் கட்டுரைகளை அதே துறையினர் படித்துச் சரிபார்க்கும் சக ஆய்வாளர் மதிப்பாய்வு வெறும் சடங்கு என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்த என்னால் இதை ஏற்க முடியவில்லை.

1936-ல் ஐன்ஸ்டைனும் நாதன் ரோசனும், பெரும் பொருள்கள் நகரும்போது வெளியில் எழும் சிற்றலைகளான ஈர்ப்பு அலைகளே இல்லை என்ற முடிவோடு 'பிசிக்கல் ரிவ்யூ' இதழுக்குக் கட்டுரை அனுப்பினார்கள். அதைப் படித்த மதிப்பாய்வாளர் பிழைகளை விரிவாகச் சுட்டினார். கோபப்பட்ட ஐன்ஸ்டைன் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். அப்புறம் தவறு புரிந்து, முடிவை மாற்றி, 1937-ல் வேறு இதழில் வெளியிட்டார். 2015-ல் அந்த அலைகளை, அவற்றைக் கண்டறியவே அமெரிக்காவில் அமைத்த லைகோ கருவிகள் பதிவு செய்தன!

என் முதல் கட்டுரையும் திரும்பி வந்தது. "தெர்மோகப்பிளை அளவுத்திருத்தம் செய்தீர்களா?" என்று ஒரே வரி; வெப்பநிலை அளக்கும் அந்தக் கருவி சரியாகக் காட்டுகிறதா என்று சோதனை செய்தீர்களா என்பதே கேள்வி. செய்யவில்லை. அன்றிரவு அழுதேன். மூன்று மாதம் மறுபடி அளந்தபோது, நான் பெருமையாகக் காட்டியிருந்த வளைவு வரைபடத்திலிருந்தே மறைந்துவிட்டது. முகம் தெரியாத அந்த மனிதருக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. 2020-ல், கொரோனாவுக்குக் கொடுத்துப் பார்த்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து பற்றி 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரை இரண்டே வாரத்தில் திரும்பப் பெறப்பட்டது. காரணம், மூலத் தரவைச் சரிபார்க்க வழியே இல்லை. அந்தத் தரவையும் மதிப்பாய்வாளருக்குக் கட்டாயம் காட்டவேண்டும். ஊதியமின்றிச் செய்யும் இந்த உழைப்பை நம் பல்கலைக்கழகங்கள் பதவி உயர்வில் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்.

ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியை,
திருநெல்வேலி.