உரக்கடை அண்ணாச்சிமாருக்கு

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி பக்கம் உரக்கடை நடத்தும் அண்ணாச்சிமாருக்கு வணக்கம். நான் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல் போடுகிறவன். பிசானப் பருவ நெல் விதைப்பு நெருங்குகிறது. பயிர் நோயைத் தடுக்க விதையில் கலக்கும் பாக்டீரியாப் பொடியான சூடோமோனாஸ் பாக்கெட்டைப் பற்றித்தான் இந்த மடல்.

போன பிசானத்துக்கு ஒரு கடையில் வாங்கினேன். கடைப் பெயர் வேண்டாம். மேற்குப் பார்த்த கடை. சாயங்கால வெயில் நேரே விழும் வாசல் தட்டில் பாக்கெட்டுகளை அடுக்கியிருந்தார்கள். கையில் வாங்கும்போதே சுட்டது. வீட்டில் வந்து பார்த்தால், தேதி முடிந்து இரண்டு மாதம். வேறு வழியில்லாமல் அதையே விதையில் கலந்தேன். கார்த்திகைப் பனியில் இலையெல்லாம் கண் கண்ணாகப் புள்ளி விழுந்தது. தையில் கதிர்க் கழுத்து கறுத்து ஒடிந்தது, பாதி பதர். நல்ல பாக்கெட்டாக இருந்திருந்தால் இந்தக் குலைநோய் என்ற பூஞ்சை நோய் எட்டியே பார்த்திருக்காது என்று சொல்லமாட்டேன். ஆனால் செத்துப்போன பாக்டீரியா எதைத் தடுக்கும்?

அந்த வெள்ளைப் பொடி வெறும் டால்க். வேலை செய்வது அதில் இருக்கும் உயிர். அது வேரைச் சுற்றிப் பெருகி மண்ணிலுள்ள இரும்பைக் கவ்விக்கொள்ளும். நோய்ப் பூஞ்சைக்கு இரும்பு தட்டிப்போகும். புற ஊதா விளக்கில் அது மஞ்சள் பச்சையாக ஒளிர்வதே இரும்பைப் பிடிக்கும் அந்தப் பொருளால்தான். பயிரின் சொந்த எதிர்ப்புச் சக்தியையும் தட்டி எழுப்பும்.

அதனால் கேட்கிறேன். பாக்கெட்டை வெயில் படாத, குளுமையான இடத்தில் வையுங்கள். டால்க்கில் அது சில மாதம்தான் தாங்கும். தேதி முடிந்ததை விற்காதீர்கள். அப்புறம், எப்போது போடுவது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். நோய் வயல் முழுக்கப் பரவியபின் வருகிறவருக்கு இதைக் கொடுத்துப் பயனில்லை. விதை ஊறும் தண்ணீரிலேயே கிலோவுக்கு 10 கிராம் கலந்து ஒரு ராத்திரி விட வேண்டும். நடுமுன் நாற்றின் வேரை அரை மணி நேரம் கரைசலில் நனைக்க வேண்டும். வயலுக்கு ஹெக்டேருக்கு 2.5 கிலோ, மக்கிய தொழுவுரத்தோடு. காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற தாமிரப் பூஞ்சைக்கொல்லியையும் இதையும் ஒரே டேங்கில் ஊற்றச் சொல்லாதீர்கள், அண்ணாச்சி. தாமிரம் இந்த உயிரையும் கொல்லும்.

எங்கள் ஊரில் பலர் வேளாண்மை ஆபீஸ் படி ஏறிக் கேட்பதில்லை. இலையைப் பிடுங்கிக்கொண்டு நேரே உங்கள் கல்லாவுக்குத்தான் வருகிறார்கள். நீங்கள் சொல்வதைத்தான் வயலில் போடுகிறார்கள்.

பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்ததும் நானும் வருவேன். பாக்கெட்டை உள் அறையிலிருந்து எடுத்துக் கொடுங்கள்.