செயலாளர் ஆண்டறிக்கை: விரலுக்கு எட்டும் நடுகல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு உழைப்பில் பெரும்பங்கு, தருமபுரி வட்டார நடுகற்களை, அதாவது இறந்த வீரர் நினைவாக நட்ட கற்களை, பார்வையற்றோர் தொட்டறியும் காகிதக்கூழ்ப் பலகைகளாகச் செய்வதில் போனது.

நடுகல் புடைப்புச் சிற்பம்தானே, அச்செடுத்தால் போதும் என்று தொடங்கினோம். சரிவரவில்லை. வீரன் ஓங்கிய வாளும் தலையும் விரலுக்கு ஒரே மேடாகப் பட்டன. கண் நிழலை வைத்துப் பிரித்துக்கொள்ளும். விரலுக்கு இடைவெளி வேண்டும். அடுத்த பலகையில் உருவங்களுக்கு நடுவே 5 மி.மீ. பள்ளம் விட்டோம். ஆநிரைக்கு, அதாவது மாட்டு மந்தைக்கு, சணல் துணி, கேடயத்துக்குச் சலித்த மணல், வாளுக்கு உப்புத்தாள் தேய்த்த வழவழப்பு. மேலே ஒட்டிய சணல் விரல் வியர்வையில் ஓரம் பெயர்ந்ததால், இப்போது குழி வெட்டி அதற்குள் பதிக்கிறோம். கல்லிலுள்ள வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து வரியையும் தடித்த நூலால் எடுத்துக் காட்டினோம். அதன் முன் பார்வையுள்ளவரும் எழுத்துக்கூட்டித்தான் நிற்கிறார்!

பிரெயில் விளக்கங்களை லேமினேஷன் செய்தது நம் தவறு. புள்ளியின் உயரமே அரை மி.மீ. அளவுதான், சூட்டில் அமுங்கிவிட்டது. இனி உறையில்லாத கெட்டித்தாள், தேய்ந்தால் மாற்றுவோம்.

மேசைக்கடியில் 70 செ.மீ. இடம் விட்டதால் சக்கர நாற்காலியில் வருபவர் முழங்கால் இடிக்காமல் நெருங்கலாம். வாசல்படி 15 செ.மீ.; ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம் என்ற 1:12 கணக்கில் சாய்தளம் 180 செ.மீ. நீளம் வேண்டும். 60 செ.மீ. பலகையைச் சாய்த்து வைத்தால் நாற்காலி பின்னோக்கிக் கவிழும். இதில் சமரசம் கூடாது.

மாற்றுத்திறனாளி ஓவியர்களின் கண்காட்சியில் படத்தடியில் வைக்கும் பெயர்ச்சீட்டு பற்றி நீண்ட விவாதம் நடந்தது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. உரிமை கேட்க அந்த அடையாளம் கட்டாயம் வேண்டும். ஆனால் படத்தடியில் ஓவியர் பெயர், தலைப்பு, வண்ண வகை, விலை போதும். குறைபாட்டை எழுதினால் பார்ப்பவர் ஓவியத்தை விட்டுவிட்டு ஆளைப் பார்க்கிறார். தன் உடல் அனுபவத்தையே வரைந்தவர் அதைக் குறிப்பிட விரும்பினால், அவர் சொற்களிலேயே எழுதப்படும். நன்கொடை உண்டியலை ஓவியங்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டோம்.

வரும் ஆண்டு தெருக்கூத்துக்குச் சைகைமொழி பெயர்ப்பாளர் வைக்க வேண்டும். அவர் முகத்துக்கும் கைகளுக்கும் தனி விளக்கு, பின்னால் ஒரே நிறத் திரை தேவை. விடிய விடிய நடப்பதால் ஒருவர் போதாது; இருவர் மாறி மாறி நிற்க வேண்டும். இச்செலவுக்குப் பொதுக்குழு ஒப்புதல் கோருகிறேன்.

செயலாளர்